துக்கத்துக்கு மட்டும் வருகிற சிநேகிதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமைப் பெண்கள் பக்கத்தில், தெஹிவளையிலிருந்து எழுதிய ஓர் இளம் வாசகிக்கு உங்கள் ஆலோசகர் கொடுத்திருந்த பதில் பற்றி எழுதுகிறேன். பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் பழகியவள் இல்லை நான். பழைய பத்திரிகைத் தாளில் பிளவுஸ் அளவு வெட்டுகிறவள். அந்தப் பக்கத்தையும் ஒரு கைக்கு அளவு வெட்டத்தான் மேசையில் விரித்தேன். வாசித்த பிறகு வெட்ட மனம் வரவில்லை, வேறு தாள் எடுத்தேன்.

எல்லோரும் அதை வாசித்திருக்க மாட்டார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த வாசகிக்குத் தரம் ஆறிலிருந்து ஒன்றாகப் படித்த ஒரு சிநேகிதி. இப்போது இரண்டு பேருக்கும் ஒரே அலுவலகத்தில் வேலை. இவள் வாங்கிய போனை அவளும் வாங்குவாள், இவள் போகிற பார்லருக்கு அவளும் போவாள். அதை விடலாம். ஆனால் இவளுக்குப் பதவி உயர்வு வரும்போல இருக்கிறது என்று தெரிந்ததும், "பாவம், அவளுக்கு வீட்டில ஆயிரம் பிரச்சினை. இரவில நித்திரையே இல்லை. இன்னும் பொறுப்புக் குடுத்தால் தாங்கமாட்டாள்" என்று மேலதிகாரியிடம் சொல்லியிருக்கிறாள். வீட்டுப் பிரச்சினையை இவள் நம்பிச் சொன்னது அவள் ஒருத்தியிடம்தான். கேட்டால், "உனக்காகத்தானே சொன்னனான்" என்று அழுகிறாளாம். அலுவலக வட்ஸ்அப் குழுவில் இவளுடைய பழைய பள்ளிக்கூடப் படத்தைப் போட்டு எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறாள். இவளுடைய அப்பா காலமானபோது அந்தியேட்டி முடியும் வரை வீட்டோடு நின்று குசினி பார்த்தவளும் அவள்தான். நான் என்ன செய்யட்டும் என்று அந்தப் பிள்ளை கேட்டிருந்தாள்.

உங்கள் ஆலோசகரின் பதில்: பெண்களுக்குள் பொறாமை இயல்பு, பெரிதாக எடுக்கவேண்டாம். உடுக்கை நழுவும்போது ஓடி வருகிற கைபோல உங்கள் துன்பத்தில் வந்து நின்றவள் அவள். மனம்விட்டுப் பேசுங்கள், விட்டுக்கொடுங்கள், அப்படிப்பட்ட நட்பை இழந்துவிடாதீர்கள்.

வள்ளுவரைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறபடியால் அதிலிருந்தே தொடங்குகிறேன். உயர்தரத்துக்குத் தமிழ் படித்தவள் நான், பரீட்சை எழுதத்தான் கொடுத்து வைக்கவில்லை. வள்ளுவர் நட்பை ஓர் அதிகாரத்தோடு முடிக்கவில்லை. 79 இலிருந்து 83 வரை ஐந்து அதிகாரம் தொடர்ந்து வருகிறது. முதலாவதில்தான் இந்த உடுக்கைக் குறள். இரண்டாவது, ஆராய்ந்து பழகு என்கிறது. மூன்றாவது பழைமை; பழகியவர் உரிமையோடு செய்கிற பிழையைப் பொறுத்துக்கொள் என்கிறது. ஆலோசகர் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டார் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அடுத்த இரண்டும் தீ நட்பும் கூடாநட்பும். வீட்டில் தனியே இருக்கும்போது கூடிக் குலாவிவிட்டு நாலு பேருக்கு முன்னால் பழிக்கிறவருடைய தொடர்பு கொஞ்சமும் கிட்ட வராமல் பார்த்துக்கொள் என்பதுதான் தீ நட்பின் கடைசிக் குறள். அந்தப் பிள்ளையின் வட்ஸ்அப் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமாக யார் சொல்லப்போகிறார்கள்?

அடுத்தது, "பெண்களுக்குள் இயல்பு" என்கிற கதை. நான் துணியும் லைனிங்கும் வாங்கப் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களுக்குப் போகிறவள். அங்கே ஒரு கடையை இரண்டு ஆண்கள், நல்ல கூட்டாளிகள், பல வருடம் சேர்ந்து நடத்தினார்கள். பிறகு ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் மலையக வாடிக்கையாளர்களைத் தன் பக்கம் இழுத்தார், கதை வெளியில் வந்தது, பிரிந்தார்கள். "ஆம்பிளைகளுக்குள் பொறாமை சகஜம், விட்டுக்கொடுங்கோ" என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. பெரிய முதலாளி ஒருவர் நடுவில் இருந்து கணக்குப் பார்த்தார். சரக்கைப் பிரித்தார்கள். இப்போது இரண்டு கடை, இரண்டு போர்ட், இரண்டு பேரும் நிம்மதியாக யாவாரம் செய்கிறார்கள். அதையே இரண்டு பெண்கள் செய்தால் ஊர் சிரிக்கிறது, இல்லாவிட்டால் சேர்த்து வைக்க வருகிறது.

இதை எல்லாம் நான் சும்மா சொல்லவில்லை. எனக்கும் ஒரு சிநேகிதி இருந்தாள்.

1995 ஒக்டோபரில் போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனத்தோடு எங்கள் குடும்பமும் வெளிக்கிட்டது. அவள் குடும்பமும்தான், ஆனால் அங்கே நாங்கள் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. அறிமுகமானது கொழும்பில். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்தோம். தையல் வகுப்புக்கும் ஒன்றாகப் போனோம். கொழும்பில் தங்குகிறதாகப் பொலிஸில் பதியப் போவதும், ஒரு சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிடுவதும், ஒருத்தியின் செருப்பை மற்றவள் போட்டுக்கொண்டு போவதுமாக அந்த வருடங்கள் போயின. அந்தக் காலத்தில் கொழும்பில் இருந்த பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் நின்ற தமிழ் ஆட்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பியது பலருக்கு ஞாபகம் இருக்கும். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. என் அம்மா கண் ஒப்பரேஷனுக்கென்று வந்து லொட்ஜில் நின்ற நேரம் அது. எங்கள் வீட்டில் படுக்க இடமில்லை. அந்தச் சம்பவத்துக்குக் கொஞ்சம் முந்தித்தான், "அம்மா ஏன் லொட்ஜில கிடக்கிறா, என்ர வீட்டில நிக்கட்டும்" என்று பையோடு இழுத்துக்கொண்டு போனாள் அவள். அந்த நன்றி என் உயிருள்ள வரை இருக்கும். இதை முதலில் எழுதுவதற்குக் காரணம், இனி எழுதப்போவதை வாசித்துவிட்டு அவளை அரக்கியாக யாரும் நினைக்கக்கூடாது.

பிற்பாடு இரண்டு பேரும் தையலையே தொழிலாக எடுத்தோம். பக்கத்துப் பக்கத்து வீடு. அவரவர் வாடிக்கையாளர் அவரவருக்கு. ஓவர்லொக் மெஷின் மட்டும் பாதிப் பாதி காசு போட்டு வாங்கினோம். ஒரு சீட்டும் சேர்ந்து பிடித்தோம்.

எப்போது பிசகியது என்று ஒரு நாளைக் காட்ட முடியாது. இரவு பத்து மணிக்கு போன் வரும். "இண்டைக்கு எத்தனை வந்தது?" மூன்று என்றால் தனக்கு நாலு என்பாள். ஐந்து என்றால், "அவ்வளவும் உன்னால முடிக்கேலுமே?" என்பாள். நான் லைனிங் பிளவுஸுக்கு 1,800 ரூபா வாங்குகிறேன் என்று தெரிந்தால் அடுத்த கிழமை அவளிடம் 1,700. போட்டி என்றால் அதுவும் யாவாரம்தானே, சரி என்று இருந்தேன். அவள் பிளவுஸுக்குக் கை வைப்பது என்னைவிடத் திருத்தம். எனக்குக் கழுத்து நன்றாக வரும். அந்த வித்தியாசத்தை வைத்தே இரண்டு பேரும் நன்றாகப் பிழைத்திருக்கலாம்.

பிறகு லண்டனிலிருந்து வந்து கொழும்பில் கலியாணம் செய்கிற குடும்பம் ஒன்று, ஆரி வேலையோடு முழுக் குடும்பத்துக்குமான ஓடரை எனக்குத் தந்தது. அளவு எடுக்கப் போன இடத்தில் பொம்பிளையின் தாய் ஊசியையும் நூலையும் என் கையில் தந்து, "கொஞ்சம் கோத்துத் தாங்கோ" என்றா. கோர்த்துக் கொடுத்தேன். மனிசி என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தா. பிறகு நல்ல மனிசியானபடியால் சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டா: "உங்கட சிநேகிதிதான் சொன்னவ, நல்லாத் தைப்பீங்களாம், ஆனா இப்ப கண் கொஞ்சம் மங்கலாம், கூறைச் சாறி எண்டபடியால் கவனமாம்."

என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. இன்றைக்கும் இல்லை.

"பாவம்" என்று தொடங்கித்தான் இந்தக் கதைகள் வரும் என்பதைத் தெஹிவளைப் பிள்ளையின் கடிதத்தில் கண்டபோது சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. நேரடியாகக் குறை சொன்னால் கேட்கிறவர் சந்தேகப்படுவார். இரக்கப்பட்டுச் சொன்னால் சொன்னவளுக்கு நல்ல பெயர், கேட்டவருக்கு எச்சரிக்கை, எனக்கு ஓடர் இல்லை.

பிள்ளைகளிலும் வந்தது. இரண்டு பேருடைய மகள்மாரும் ஒரே ரீச்சரிடம் பரதநாட்டியம் பழகினார்கள். ஒரே வானில் போய் வருவார்கள். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சையில் என் மகளுக்கு நல்ல பெறுபேறு வந்தது. அவளுடைய மகள் அந்த முறை சித்தியடையவில்லை. இனிப்புக் கொண்டு போன என் மகளிடம், "இப்ப ஆருக்குத்தான் அவையள் குடுக்கேல்லை" என்றாளாம். பதினொரு வயதுப் பிள்ளை அதை வீட்டில் வந்து சொன்ன விதம் எனக்கு மறக்காது. அடுத்த மாதமே தன் மகளை வேறு ரீச்சரிடம் மாற்றினாள். வானில் ஒன்றாக இருந்து பாடிக்கொண்டு வந்த இரண்டு பிள்ளைகளும் கதைக்காமல் விட்டார்கள். எனக்கு நடந்ததை எல்லாம் தள்ளிவிடலாம், இதைத் தள்ளிவிட முடியவில்லை.

இதற்குள் 2022 வந்தது. மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தாண்டிப் போக, லைனிங் துணி, நூல், கொக்கி என்று ஒன்றும் பழைய விலையில் இல்லை. கலியாணங்கள் வீட்டோடு முடிந்தன. பத்துப் பிளவுஸ் தைத்தவர்கள் இரண்டோடு நிறுத்தினார்கள். என்னிடம் கரண்ட் மெஷின், அவளிடம் தாய் தந்த பழைய கால் மெஷின். ஒரு சாமத்தியவீட்டு ஓடரை முடிக்க இரண்டு இரவுக்கு அதைத் தரமுடியுமா என்று கேட்டேன். பெல்ட் அறுந்துபோச்சு என்றாள். இரவில் சுவருக்கு அங்காலே அந்த மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. தரமுடியாது என்று சொல்லியிருந்தால் எனக்குக் கோபமே வந்திராது, அவளுக்கும் அடுப்பு எரியவேணும். அந்தப் பொய்தான் மனதில் நின்றது.

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்த ஒரு பிள்ளை என்னிடம் தைக்க வருவாள். ஒருநாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இதைப் பற்றி எண்பதுகளிலேயே ஏப்ரகாம் டெசர் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதியிருக்கிறார் என்றாள். நமக்குக் கிட்டவான ஒருவர் ஒரு விஷயத்தில் நம்மை மிஞ்சினால், அந்த விஷயம் நம்முடையது அல்லாதபோது பெருமையாக இருக்குமாம். நம்முடையதும் அதுவே என்றால் சுடுமாம். அறியாத ஒருவர் மிஞ்சுவதைவிடக் கிட்டவான ஆள் மிஞ்சுவது கூடுதலாகச் சுடுமாம். எனக்கு உடனே பிடிபட்டது. என் மகன் கணக்கில் நல்ல புள்ளி எடுத்தபோது கேக் வாங்கிக்கொண்டு ஓடி வந்தவள் அவள். அவளுடைய தம்பி டொக்டரானபோது ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான். தையலிலும் நடனத்திலும்தான் வெடித்தது, இரண்டு பேரும் தங்களுடையது என்று பிடித்துக்கொண்டிருந்தது அந்த இரண்டையும்தான். ஆகவே இது பெண்புத்தி என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. கிட்டவும் இருந்து, தொழிலும் ஒன்றாகி, வருமானமும் குறைந்தால் யாருக்கும் வரக்கூடியது. வந்த பிறகு என்ன செய்கிறோம் என்பது அவரவர் பொறுப்பு. வயிறு எரிவதற்கு நான் அவளைக் குற்றம் சொல்லமாட்டேன். ஊசி நூல் கதைக்குச் சொல்வேன்.

அந்தப் பிள்ளை இன்னொன்றும் சொன்னாள். 2003 இல் வந்த ஓர் ஆய்வில் ஆட்களின் உடம்பில் பிரஷர் மானியைக் கட்டிவிட்டு, யாரோடு பழகும்போது எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார்களாம். அன்பும் கசப்பும் கலந்த உறவுக்காரரோடும் சிநேகிதரோடும் இருக்கும்போது, ஒரேயடியாகப் பிடிக்காத ஆட்களோடு இருக்கும்போதைவிடக் கூடுதலாக இருந்ததாம். பிடிக்காத ஆள் என்றால் என்ன வரும் என்று தெரியும். இது எந்த நேரம் எது வரும் என்று தெரியாத உறவு. நானும் பிரஷருக்குக் குளிசை போடுகிறவள்தான். (சிநேகிதியை விட்டால் குளிசையையும் விடலாம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். கிளினிக்குக்கு ஒழுங்காகப் போங்கள்.)

இனி உங்கள் ஆலோசகர் பெரிதாகச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன், துன்பத்தில் உதவியவள் என்பது. எனக்கு டெங்கு வந்தபோது இரவெல்லாம் கண்முழித்து இருந்தவள் அவள். என் மனுசனுக்கு வேலை போனபோது வாசலில் அரிசி மூட்டையை வைத்துவிட்டுப் பேசாமல் போனவள் அவள். நடிப்பே இல்லை, அத்தனையும் உண்மை. ஆனால் அந்த வேலை போன கதையையும் அவளுக்கு மட்டும்தான் சொன்னேன், அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் நாலு பேர் அதை விசாரித்தார்கள். வருடக்கணக்காகப் பார்த்ததில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: நான் விழுந்து கிடக்கும்போது அவள் தங்கமானவள். எழும்பி நடந்தால் அவளால் தாங்க முடியாது. எங்கள் ஆட்களிடம் செத்தவீட்டுக்கு யார் வந்தார், யார் வரவில்லை என்கிற கணக்கு உண்டு. அதை வைத்துத்தான் ஆளை எடைபோடுகிறோம். நல்ல செய்தி ஒன்று சொல்லும்போது யாருடைய முகம் மலர்ந்தது, யார் "அப்படியே, சொல்லு சொல்லு" என்று விவரம் கேட்டார், யார் கதையை மாற்றினார் என்று பார்ப்பதில்லை. அமெரிக்காவில் ஷெலி கேபிள் என்ற பேராசிரியரும் கூட இருந்தவர்களும் 2004 இல் இதையும் ஆய்வாக எழுதியிருக்கிறார்களாம். நல்லதைக் கேட்டு மகிழ்ந்து மேலும் விசாரிக்கிற ஆட்களோடுதான் உறவு நன்றாக இருக்கிறது என்று கண்டார்களாம். ஆய்வு இல்லாமலே என் மேசையில் இருந்து இதைப் பார்க்கலாம். கூறைச் சாறியோடு ஒரு பிள்ளை தன் சிநேகிதிமாரைக் கூட்டிக்கொண்டு வருவாள். ஒருத்தி கண்ணாடிக்கு முன்னால் அவளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பின்கழுத்துக்கு ஒரு குஞ்சம் வைக்கச் சொல்லுவாள். இன்னொருத்தி கதிரையில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டு, "என்ரயை நான் இந்தியாவில எடுக்கப்போறன்" என்பாள். அவளே பிறகு தனியாக வந்து, "அவளுக்குத் தைச்சதைக் காட்டுங்கோ அக்கா, நான் கேட்டனான் எண்டு சொல்லாதேங்கோ, கழுத்து அவளின்ரயிலும் அரை இஞ்சி இறக்கமா வேணும்" என்பாள். நான் காட்டமாட்டேன். ஒருத்தியின் பிளவுஸை இன்னொருத்திக்குக் காட்டுவதில்லை என்பது என் தொழில் சட்டம்.

மனம்விட்டுப் பேசுங்கள் என்கிறார் ஆலோசகர். பேசினேன். ஊசி நூல் கதையையும் மகளுக்குச் சொன்னதையும் அவளிடமே கேட்டேன். அழுதாள். கடைசியில் நான்தான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துத் தேற்றவேண்டியதாயிற்று. அடுத்த கிழமை அந்தப் பேச்சு முழுக்க, நான் அவளைத் திட்டி அழவைத்த கதையாக, மூன்று வாடிக்கையாளரிடமிருந்து எனக்குத் திரும்பி வந்தது. பேசிச் சரிவருகிற ஆட்களும் இருக்கிறார்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. பேசிய பிறகு நடத்தை மாறுகிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் அடுத்த முறை நீங்கள் பேசுவது அவளுக்கு இன்னொரு கதையாகத்தான் போய்ச் சேரும்.

ஆகவே சத்தம் போடாமல் பிரித்தேன். ஓவர்லொக் மெஷினுக்குத் தெஹிவளையில் தைக்கிற மூன்றாம் ஆள் ஒருவரைக் கூப்பிட்டு விலை போட்டு, பாதியைக் காசாக அவளிடம் கொடுத்துவிட்டு மெஷினை நான் வைத்துக்கொண்டேன். சீட்டை நடுவில் விடவில்லை. முடியும் வரை கட்டினேன், புதுச் சீட்டில் சேரவில்லை. அளவுக் கொப்பி ஒன்றாக இருந்தது, என் ஆட்களின் அளவுகளை மட்டும் வேறு கொப்பியில் எழுதி எடுத்துக்கொண்டு பழையதை அவளிடமே கொடுத்தேன். இரவு போனை எடுப்பதில்லை. காலையில், "வேலை, அதுதான்" என்று ஒரு செய்தி. வீட்டுக் கதை, வருமானக் கதை, மகளின் கதை மூன்றையும் நிறுத்தினேன். யாராவது அவளுடைய தையலைப் பற்றிக் கேட்டால், "நல்லாத் தைப்பா, கை வைக்கிறது திருத்தம்" என்று சொன்னேன். அது உண்மை, ஏன் சொல்லாமல் விடவேணும்?

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய தொல்லை. சமாதானம் செய்ய ஆட்கள் வந்தார்கள். கோயிலில் இரண்டு அன்ரிமார். தொடர்மாடியில் மேல்வீட்டு அக்கா. கனடாவிலிருந்து பழைய அறைச் சிநேகிதி ஒருத்தி போன் எடுத்து, "நீங்கள் ரெண்டு பேரும் ஒரு பாயில படுத்தனீங்கள், இப்ப காலி வீதியில முகத்தைத் திருப்பிக்கொண்டு போறீங்களாம்" என்று அழுதாள். முகத்தை யாரும் திருப்பவில்லை. கண்டால் சிரிப்பேன், சுகம் கேட்பேன். வந்த ஒவ்வொருவரும் என்னிடம் ஒரு கதையைக் கொடுத்துவிட்டு ஒரு கதையை வாங்கிக்கொண்டு போகப் பார்த்தார்கள். நான் ஒன்றும் கொடுக்கவில்லை. வெள்ளவத்தை எவ்வளவு பெரிய ஊர்? மீன் சந்தையிலும் மருந்துக்கடையிலும் மரைன் டிரைவில் பின்னேர நடையிலும் அதே ஆட்கள்தான். அங்கேயே இருந்துகொண்டு தள்ளியும் இருக்கவேண்டுமென்றால் சுற்றியிருக்கிறவர்கள் கொஞ்சம் சும்மா இருக்கவேண்டும். கலியாணம் முறிந்தாலும் காணிப் பிரச்சினை வந்தாலும் ஒரு முறை இருக்கிறது, பிரிந்தால் பிரிந்ததுதான். சிநேகிதிகள் பிரிந்தால் மட்டும் ஊருக்குப் பொறுக்கவில்லை, காரணத்தை நாலு பேர் முன்னால் வைக்கச் சொல்கிறது. சமாதானம் செய்ய வந்த யாருக்கும் என் காரணத்தை நான் சொல்லவில்லை, இந்தக் கடிதம் வரைக்கும்.

இனி அந்தத் தங்கச்சிக்கு. பிள்ளை, பதவி உயர்வைப் பற்றி உன்ர மேலதிகாரியிடம் நீயே போய்க் கதை. "எனக்கு இந்தப் பொறுப்பு வேணும், என்னால ஏலும்" என்று எழுத்தில் கொடு. சிநேகிதி என்ன சொன்னாள் என்று அங்கே இழுக்காதே, அது உன்னையும் சேர்த்துக் கெடுக்கும். வீட்டு விஷயம் இனி அவளுக்கு வேண்டாம். படத்தை எடுக்கச் சொல்லி ஒருதரம் தனியாகக் கேள். எடுக்காவிட்டால் குழுவை நடத்துகிறவருக்குச் சொல். அப்பாவின் செத்தவீட்டில் அவள் செய்ததை நினைத்து மனம் குத்துகிறது என்று எழுதியிருந்தாய். அவளுடைய வீட்டில் ஒரு துக்கம் வந்தால் நீயும் போய் அந்தியேட்டி வரைக்கும் குசினியில் நில். அந்தக் கடன் அப்படித்தான் தீரும். உன்ர சம்பளத்தையும் நித்திரையையும் கொடுத்து அதைத் தீர்க்கத் தேவையில்லை. நான் என் சிநேகிதியின் மாமியாரின் செத்தவீட்டுக்குப் போய் மூன்று நாள் நின்றேன். கை கொடுத்தாள், ஒன்றாகக் காய்கறி வெட்டினோம், பழையபடி சிரித்தும் கதைத்தோம். வீட்டுக்கு வந்த பிறகு இரவு போனை நான் எடுக்கவில்லை.

நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, அலுவலக வாசலைக் கண்டாலே நெஞ்சு படபடக்கிறது என்ற நிலைக்குப் போயிருந்தால் 1926 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். அந்த நிறுவகத்தைச் சனம் சொல்கிற "அங்கொடை" என்ற பேரைக் கேட்டாலே எங்கள் ஆட்களுக்கு ஒரு பயமும் பகிடியும். சிநேகிதி ஒருத்தியால் மனம் உடைந்தேன் என்று சொல்ல இன்னும் வெட்கம். அதனால்தான் இப்படியான பிள்ளைகள் உங்கள் பெண்கள் பக்கத்துக்கு எழுதுகிறார்கள் ஆசிரியரே, அதனால்தான் அங்கே வருகிற பதிலைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பதவி உயர்வுக்கான நேர்முகத் தேர்வு அடுத்த மாதம் என்று அந்தப் பிள்ளை எழுதியிருந்தாள். இந்தக் கடிதத்தைப் போடுவதானால் அதற்கு முன்னால் போட்டுவிடுங்கள். என் பெயரைப் போடவேண்டாம். ஒழுங்கையில் உள்ளவர்கள் வாசித்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்கள், அவளும் கண்டுபிடிப்பாள். அதைப் பற்றிக் கேட்டு யாரும் என் வீட்டுக்கு வரவேண்டாம், தீபாவளி ஓடர் நிறையக் கிடக்கிறது.

இப்படிக்கு,
தையற்காரி ஒருத்தி,
வெள்ளவத்தை, கொழும்பு 06.